வயிற்றில் காஸ் ஏற்றினால் குழந்தையின் மூளைக்கு ஆக்ஸிஜன் குறையுமா?

ஒரு வாசகியின் கேள்வி, மார்ச் 4

பையனுக்கு ஆறு வயது. ஜனவரியில் அப்பெண்டிக்ஸ் வலி வந்து ஊசி மருந்திலேயே அடங்கியது. மறுபடி வரும், எடுத்துவிடலாம் என்கிறார் சர்ஜன். மூன்று ஓட்டை போட்டு லேப்ராஸ்கோபி. என் நாத்தனார் ஒரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறார். "வயிற்றை பலூன் மாதிரி கார்பன் டை ஆக்ஸைடு வைத்து ஊதுவார்கள், அது ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும், ஆக்ஸிஜன் குறையும், பையன் மந்தமாகிவிடுவான், பழைய மாதிரி கிழித்தே செய்யச் சொல்" என்கிறார். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 11.10

மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். குறையாது. போய்த் தூங்குங்கள்.

மார்ச் 5, காலை 5.40

இரவு எழுதியதை இப்போது படித்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. மூன்று நாள் தூங்காதவரிடம் இரண்டு வரியில் முடித்திருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டருக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, ஒழுங்காக எழுதுகிறேன்.

நாத்தனார் சொன்னதில் பாதி சரி. வயிற்றுக்குள் ஏற்றுவது கார்பன் டை ஆக்ஸைடுதான். அது ரத்தத்தில் கலப்பதும் உண்மை. கலக்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சாதாரணக் காற்று ரத்தத்தில் எளிதில் கரையாது. தப்பித்தவறி ஒரு ரத்தக் குழாய்க்குள் புகுந்தால் குமிழாக நின்று இதயத்தை அடைத்துவிடும். சோடா காஸ் கரைந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சில் வெளியேறிவிடும். உள்ளே கரண்ட் வைத்துச் சுடும்போது தீப்பிடிக்காது என்பதும் ஒரு காரணம்.

"பலூன்" என்பதில்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். குழந்தைக்கு 8 முதல் 12 மி.மீ. பாதரசம் வரை அழுத்தம் வைப்போம். 10 மி.மீ. பாதரசம் என்றால் 13.6 செ.மீ. உயரத் தண்ணீரின் கனம், அதாவது அரைச் சாணுக்குச் சற்று மேல். பிரஷர் பார்க்கும்போது உங்கள் கையை இறுக்குகிறதே அந்தப் பட்டை, அது 150-ஐத் தாண்டும்.

இனி மூளை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்தத்தில் அந்தக் காஸின் அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் ஏறினால் மூளைக்குப் போகும் ரத்தம் 3, 4 சதவீதம் கூடும் என்பது பெரியவர்களிடம் பார்த்த கணக்கு. குழந்தையிடமும் போக்கு அதேதான். ரத்தம் கூடினால் அதோடு ஆக்ஸிஜனும் கூடும். நாத்தனார் பயப்படுவதற்கு நேர் எதிர்த் திசை.

மார்ச் 5, மதியம் 2.30

கேண்டீனில் உட்கார்ந்து ஒரு திருத்தம். 8 முதல் 12 என்றது ஆறு வயதுப் பையனை மனதில் வைத்து. கைக்குழந்தைக்கு அது அதிகம். ஒரு மாதக் குழந்தைக்கு 5, 6-ல் தொடங்குவோம், 8-ஐத் தாண்ட யோசிப்போம். அந்த வயதில் மூச்சு முழுக்க உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை நம்பித்தான் ஓடுகிறது. கீழிருந்து முட்டினால் உடனே தெரியும்.

மார்ச் 5, இரவு 10.50

"குறையாது" என்று நேற்று ஒரே போடாகப் போட்டேன். இன்று மதியம் ஒரு கேஸ் நடுவில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. குறையலாம். காஸ் விஷம் என்பதால் அல்ல. நாங்கள் கவனிக்காவிட்டால் குறையலாம். எனக்கே நடந்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, குழாய். நாலு வயதுப் பெண் குழந்தை, அதே அப்பெண்டிக்ஸ். மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு, இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் கேட்டு, பிளாஸ்திரி ஒட்டியாகிவிட்டது. காஸ் ஏற்றினார்கள், தலையைத் தாழ்த்தினார்கள். குடல் நெஞ்சுப் பக்கம் சரிந்தால் சர்ஜனுக்கு அப்பெண்டிக்ஸ் தெரியும். ஐந்து நிமிடத்தில், ஆக்ஸிஜன் காட்டும் விரல் மீட்டர் 99-லிருந்து 91. பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது, ட்யூப் ஒரு இழை நகரவில்லை. நகர்ந்தது நுரையீரல். உதரவிதானம் மேலே தள்ள, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடமே ஏறி வந்து ட்யூப் நுனி வலப்பக்கக் கிளைக்குள் போய்விட்டது. ஒற்றை நுரையீரலில் மூச்சு. ட்யூபை ஒரு சென்டிமீட்டர் இழுத்தேன், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து தலை தாழ்த்தியதும் இன்னொரு தரம் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் சர்ஜனைத் தொட விடுவதில்லை. திட்டுவார்கள். திட்டட்டும்.

இரண்டு, இதயம். காஸை வேகமாக ஏற்றினால் வயிற்றின் உள்சவ்வு திடீரென்று இழுபட்டு, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டும். நாடி 120-லிருந்து 60-க்கு விழும். குழந்தையின் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது, எண்ணிக்கையை வைத்துத்தான் பிழைக்கிறது. நாடி பாதியானால் மூளைக்குப் போவதும் ஏறக்குறைய பாதி. "காஸை விடுங்க சார்!" என்று கத்துவேன், விட்டதும் திரும்பிவிடும். மெதுவாக ஏற்றினால் இந்தக் கூத்தே இருக்காது.

மூன்றாவதுதான் பெரியது. நாளை.

மார்ச் 6, இரவு 9.15

மூன்றாவது, என் ஆணவம்.

மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் கேப்னோ என்ற மானிட்டர் உண்டு. 35 முதல் 45 வரை இருக்க வேண்டும். காஸ் ஏற்றிய முதல் கால் மணி நேரத்தில் இது மெல்ல ஏறும், பிறகு ஒரு மட்டத்தில் நிற்கும். ஏறினால் வென்டிலேட்டர் வேகத்தைக் கூட்டி வெளியேற்ற வேண்டும். நான் படித்த காலத்தில் இந்த எண் ஏறுவதே மானக்கேடு. 28, 30 என்று வைத்திருப்பவன் கெட்டிக்காரன். நானும் குழந்தைகளைப் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்க வைத்து 28-ல் நிறுத்திவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன்.

பல வருடம் கழித்து, வேறு ஊரில், நெற்றியில் ஒட்டி மூளையின் ஆக்ஸிஜனைப் பார்க்கும் கருவி ஒன்றை டெமோவுக்குக் கொண்டுவந்தார்கள். குடலிறக்கத்துக்கு வந்த எட்டு வயதுப் பையனுக்கு ஒட்டினோம். காஸ் ஏறியது, கேப்னோ 44. மூளையின் எண் 76. பழக்க தோஷம், மூச்சைக் கூட்டி 31-க்குக் கொண்டுவந்தேன். மூளையின் எண் படிப்படியாக இறங்கி 64. விரலில் 100 அப்படியே. பிரஷரும் அப்படியே. மூச்சை இயல்புக்குக் கொண்டுவந்து 40-ல் விட்டேன், மூளை 73-க்கு ஏறியது.

கருவியைக் கொண்டுவந்த தம்பி, "நல்லா வேலை செய்யுது இல்ல சார்" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கார்பன் டை ஆக்ஸைடு குறைந்தால் மூளையின் குழாய்கள் சுருங்கும் என்று முதல் வருடப் பாடத்தில் படித்தவன்தான் நான். தலையில் அடிபட்டு மூளை வீங்கியவருக்கு நெருக்கடியில் நாங்கள் வேண்டுமென்றே செய்யும் வித்தை அது. அதைத் தேவையே இல்லாத எத்தனை குழந்தைகளுக்குச் செய்தேன் என்று எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

மார்ச் 6, இரவு 11.40

மேலே 64 என்று போட்டதைப் பார்த்து ஐந்து பேர் பதறி எழுதியிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் விரல் மீட்டர் வந்து, 94-க்குக் கீழ் என்றால் ஆம்புலன்ஸ் என்று மனதில் பதிந்துவிட்டது. 64 என்றால் பாடைதானே என்று ஒருவர் கேட்கிறார்.

இல்லை ஐயா. விரல் மீட்டர் துடிக்கும் தமனி ரத்தத்தை மட்டும் பார்க்கும். அது மூளைக்கு "வரும்" சரக்கு. நெற்றிக் கருவி தமனி, சிரை எல்லாம் கலந்த ரத்தத்தைப் பார்க்கும். அதில் முக்கால் பங்கு சிரை ரத்தம், மூளை எடுத்துக்கொண்டது போக "திரும்பும்" மிச்சம். வருவது 100, திரும்புவது 60 என்று வையுங்கள். 100-ல் கால் பங்கு 25, 60-ல் முக்கால் பங்கு 45. கூட்டினால் 70. நன்றாக இருக்கும் குழந்தையின் எண் அதுதான், 60-க்கும் 80-க்கும் நடுவே எங்கோ.

ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் தனி எண்ணுக்கு மதிப்பு குறைவு. தொடக்கத்தில் இருந்ததிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கினாலோ, 50-ஐத் தொட்டாலோதான் கை வைப்போம். மேலே சொன்ன பையன் 76-லிருந்து 64. அபாய எல்லை வரவில்லை. வெட்கப்பட அது போதும்.

மார்ச் 7, காலை 6.00

"அப்படியானால் கார்பன் டை ஆக்ஸைடு மூளைக்கு நல்லதா? நிறைய ஏற்றலாமா?" என்று ஒருவர். கேலியோ நிஜமோ, நல்ல கேள்வி.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்து மயக்கவியல்காரர்கள் 2002-லேயே இதைப் பார்த்துவிட்டார்கள். இரைப்பை அமிலம் மேலே வருவதைத் தடுக்கும் லேப்ராஸ்கோபிக்கு வந்த குழந்தைகள், குறைந்த காஸ் அழுத்தம், நெற்றியில் அந்தக் கருவியின் பட்டை. மூளையின் ஆக்ஸிஜன் எண் ஏறியது. மூளையில் உள்ள ரத்தத்தின் அளவும் ஏறியது.

அந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மண்டை ஓடு மூடிய பெட்டி. ஆறு வயதில் உச்சிக்குழி மூடிப் பல வருடம் ஆகியிருக்கும். உள்ளே ரத்தம் கூடினால் அழுத்தம் கூடும். வயிற்றின் அழுத்தம் நெஞ்சுக்கு ஏறி, தலையிலிருந்து இறங்கும் சிரை ரத்தத்தையும் தேக்கும். தலையைத் தாழ்த்தினால் இன்னும் தேங்கும். ஆரோக்கியமான குழந்தை இதையெல்லாம் ஒரு மணி நேரம் சாதாரணமாகத் தாங்கும். மூளையில் நீர் கோத்து அதை வயிற்றுக்குள் இறக்கும் ஷண்ட் குழாய் வைத்த குழந்தைக்கு நான் வேறு மாதிரி யோசிப்பேன். குழாயின் கீழ் நுனி இருப்பதே நாம் காஸ் ஏற்றும் இடத்தில். லேப்ராஸ்கோபி கூடாது என்றில்லை, செய்கிறார்கள். அழுத்தம் குறைவாக, நேரம் குறைவாக, எண் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் செய்ய வேண்டும்.

ஆக கேப்னோவை 40-ஐ ஒட்டி வைத்திருங்கள். அவ்வளவுதான் வித்தை.

மார்ச் 7, இரவு 10.20

தலையைத் தூக்கி வைத்துச் செய்யும் ஆபரேஷன்கள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பித்தப்பை, இரைப்பை எல்லாம் அப்படித்தான். தலை இதயத்தைவிட 13 செ.மீ. உயரத்தில் இருந்தால் மூளைக்குப் போகும் பிரஷர் சுமார் 10 குறையும். காலையில் எழுதிய அதே தண்ணீர்க் கணக்கு. கையில் 55 என்று காட்டும்போது மூளையில் 45 இருக்கலாம். குழந்தை குட்டை என்பதால் பெரியவர்களைவிடக் குறைவாகவே பாதிக்கும். உங்கள் பையனுக்குத் தலை தாழ்த்துவார்கள் என்பதால் இது உங்களுக்கு இல்லை.

(காலையில் இல்லை, மார்ச் 5 காலையில். நாள் குழம்புகிறது.)

மார்ச் 8, ஞாயிறு

வேலை இல்லை. கதை சொல்கிறேன்.

இந்த நெற்றிக் கருவிக்கு வித்து போட்டவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஃபிரான்ஸ் ஜோப்சிஸ். கட்டுரை வந்தது 1977-ல். வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடும்போது எலும்பை விளக்கில் தூக்கிப் பிடித்தாராம், சிவப்பு வெளிச்சம் அதன் வழியே வந்ததாம். எலும்பைத் தாண்டும் வெளிச்சம் மண்டையையும் தாண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் எத்தனை நல்லியெலும்பு உறிஞ்சியிருக்கிறேன், மஜ்ஜையைத் தவிர ஒன்றும் தோன்றியதில்லை.

அப்பெண்டிக்ஸை லேப்ராஸ்கோபியில் முதன்முதலில் முழுசாக எடுத்தது 1980-ல், ஜெர்மனியின் கீல் நகரில், குர்ட் செம். அவர் சர்ஜனே அல்ல, பெண்கள் நோய் மருத்துவர். காஸ் அழுத்தத்தைத் தானே கட்டுக்குள் வைக்கும் கருவியை உருவாக்கியவரும் அவர்தான். ஓட்டை வழியே ஆபரேஷன் செய்கிறேன் என்றதும் கூட வேலை பார்த்தவர்கள் அவரையே மூளை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள் என்பார்கள். லேப்ராஸ்கோபியால் மூளை பாதிக்கும் என்ற சந்தேகத்துக்கு அத்தனை வயது. அப்போது சந்தேகம் டாக்டரின் மூளை மேல்.

மார்ச் 8, மாலை

கருவியைப் புகழ்ந்துவிட்டேனோ என்று இருக்கிறது. 1996-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தார் இறந்தவர்களின் நெற்றியில் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு உயிரோடு இருப்பவர் அளவுக்கே எண் வந்தது. காரணம் புரியக்கூடியதே: இறந்த மூளை ஆக்ஸிஜனை எடுப்பதில்லை, இருந்தது அப்படியே கிடக்கிறது. காய்கறியில் ஒட்டியும் எண் வாங்கியிருக்கிறார்கள். திருஷ்டிப் பூசணிக்காயில் ஒட்டிப் பார்க்க எனக்கும் ஆசை, பட்டை ஒன்றின் விலை தெரிந்ததால் அடங்கி இருக்கிறேன்.

நெற்றிக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு மூளையைத்தான் அது பார்க்கிறது. நடுவில் தோலின் ரத்தமும் கலக்கும். பக்கத்தில் நிற்கும் ஆள் யோசிக்காவிட்டால் அது வெறும் டிஜிட்டல் கடிகாரம். சாதாரண அப்பெண்டிக்ஸுக்கு எல்லா ஊரிலும் இதை ஒட்டுவதில்லை, ஒட்டவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

மார்ச் 9, இரவு 11.00

ஒருவர் லண்டன் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு "இதற்கு என்ன பதில்?" என்கிறார். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையினர் 2011-ல் எழுதியது, மூளையின் ஆக்ஸிஜன் இறங்கியது என்று. உண்மைதான். ஆனால் அது வயிறு இல்லை. நெஞ்சு. பிறவியிலேயே உதரவிதானத்தில் ஓட்டை உள்ள, அல்லது உணவுக்குழாய் மூடியே பிறந்த பச்சைக் குழந்தைகளுக்கு நெஞ்சுக்குள் காஸ் ஏற்றிச் செய்தது. ஒரு பக்க நுரையீரலை அமுக்கிவிட்டுச் செய்யும் வேலை. வளராத நுரையீரல், ஏறும் கார்பன் டை ஆக்ஸைடை வெளியேற்ற வழியில்லை, ரத்தம் அமிலமாகிறது. அதையும் ஆறு வயதுப் பையனின் அப்பெண்டிக்ஸையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

வயிற்றுப் பக்கம் பச்சைக் குழந்தைக்கு என்றால், இரைப்பை வாய் தடித்துப் பால் முழுக்கக் கக்கும் கேஸ் உண்டு. அதே உட்ரெக்ட் நகரில், சில வாரக் குழந்தைகளுக்கு லேப்ராஸ்கோபியில் அதைச் சரிசெய்தபோது மூளையின் எண் பெரிதாக அசையவில்லை.

கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன். கட்டுரை போட்டவர் ஒரு தகப்பன் என்று இப்போதுதான் பார்த்தேன், அவர் குழந்தைக்கு உணவுக்குழாய்ப் பிரச்சினை. மன்னிக்கவும். தனியாகப் பேசுகிறேன்.

மார்ச் 11

கேள்வி கேட்ட அம்மாவுக்கு. நாளை மறுநாள் ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். சர்ஜனிடம் எல்லாம் கேட்டாகிவிட்டது, மயக்க மருந்து டாக்டரிடம் என்ன கேட்க என்கிறீர்கள். எங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, எங்கள் முகமே பாதிப் பேருக்குத் தெரியாது. சளி, வீசிங் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கேப்னோ இருக்கிறதா என்று தைரியமாகக் கேளுங்கள். பால், பிஸ்கட் விஷயத்தில் பாட்டிகளை நம்பாதீர்கள், "பசிக்குதாம், ஒரே ஒரு வாய்" என்று கொடுத்துவிட்டு எங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

மயக்க மருந்தே மூளையை மந்தமாக்குமா என்ற பயத்துக்கு: அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-ல் எச்சரித்தது மூன்று வயதுக்குக் கீழ், மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது பல தடவை என்ற நிலைக்குத்தான். கைக்குழந்தையாக இருக்கும்போது ஒரு மணி நேரத்துக்குள் மயக்க மருந்து வாங்கியவர்களை ஐந்து வயதில் சோதித்து 2019-ல் முடிவு சொன்னார்கள். புத்தியில் வித்தியாசம் இல்லை.

மார்ச் 14

முடிந்துவிட்டதாம். 40 நிமிடம். சாயங்காலமே இளநீர் கேட்டானாம். ஆனால் "தோள் வலிக்குது" என்று அழுகிறான், வயிற்றில் செய்துவிட்டுத் தோளில் ஏன் வலி, நாத்தனார் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்கிறார் அம்மா.

மிச்சமிருக்கும் காஸ் உதரவிதானத்தைச் சீண்டுகிறது. உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்பு கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால் மூளை ஏமாந்து தோள் என்று நினைத்துக்கொள்கிறது. ஓரிரு நாளில் போய்விடும். நாத்தனாரிடம், காஸ் மூளையைப் பாதித்தது உண்மைதான், தோள் எது வயிறு எது என்று குழப்பிவிட்டது என்று சொல்லுங்கள்.

மார்ச் 21

இந்தப் பேச்சு இழை அடங்கிவிட்டது. ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று.

டெமோ நடந்த வாரத்திலேயே பத்து மாதக் குழந்தை ஒன்றுக்கு அந்தப் பட்டையை ஒட்டினோம். கருவி எண்ணே காட்டவில்லை. கழற்றி ஒட்டினோம், மாற்றினோம், தம்பிக்கு வியர்த்துவிட்டது. நெற்றியில் நாலணா அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு, வீட்டில் காய்ச்சிய மை. வெளிச்சம் முழுவதையும் அது குடித்துவிட்டது. (எண்ணெய்ப் பசையில் சரியாக ஒட்டாததாலும் இருக்கலாம், அன்று நாங்கள் மையைத்தான் குற்றம் சொன்னோம்.) சிஸ்டர் துடைக்கப் போனார், வாசலில் நின்ற பாட்டி விடவில்லை. ஆபரேஷன் அன்றைக்குப் போய் யாராவது பொட்டை அழிப்பார்களா?

பேச்சுவார்த்தை பத்து நிமிடம். கடைசியில் பாட்டியே மைச்சிமிழை எடுத்து உள்ளங்காலில் ஒன்று வைத்துவிட்டு, நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். எண் 71.